கார்டிசால் வற்றினால் மூளைச் செல்களுக்கு என்ன ஆகும்?

ஸ்டீராய்டு மாத்திரை மூளையைச் சுருக்கும் என்று ஒரு செய்தி வருகிறது. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் மூளைக்கு ஆபத்து என்று அடுத்த வாரமே இன்னொரு செய்தி. முழங்கால் வலிக்கோ மூச்சிரைப்புக்கோ மாதக்கணக்கில் மாத்திரை எடுப்பவர் இரண்டையும் படித்துவிட்டு எதை நம்புவார்? இந்த மாத்திரைகள் நம் அட்ரீனல் சுரப்பி விடும் கார்டிசால் என்ற ஹார்மோனின் வேலையைச் செய்பவை. செய்திகள் இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டும் வேறு வேறு அளவுகளில், மூளைச் செல்லுக்குள் இருந்து ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான வேறு வேறு ஏற்பிகள் வழியாக நடப்பவை. அந்த ஏற்பிகளைப் புரிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி, எலியில் கண்டதை எந்த அளவுக்கு மனிதருக்குப் பொருத்தலாம் என்பது.

சுரப்பியும் அதன் மேலாளர்களும்

ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் ஓர் அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. எடை நான்கைந்து கிராம்தான். அதன் உட்பகுதி அட்ரினலின் சுரக்கிறது. அது போனாலும் மனிதர் பிழைத்துக்கொள்ளலாம். வெளிப்பகுதியான புறணி போனால், மருந்து இல்லாமல் பிழைக்க முடியாது. புறணியில் மூன்று அடுக்குகள்:

1. மேலடுக்கு ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. சிறுநீரில் உப்பு ஓடிவிடாமல் பிடித்து வைப்பதும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதும் இதன் வேலை.
2. நடுவடுக்கு கார்டிசாலைச் சுரக்கிறது. இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், நோயெதிர்ப்பு எல்லாவற்றிலும் இதற்குக் கை உண்டு. வளர்ந்த ஒருவர் உடலில் ஒரு நாளைக்கு ஊறுவது சுமார் பத்து மில்லிகிராம். விடியற்காலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம்.
3. உள்ளடுக்கு டி.எச்.இ.ஏ. என்னும் பாலின ஹார்மோன் மூலப்பொருளைச் சுரக்கிறது. இந்தக் கட்டுரைக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை.

கார்டிசாலுக்கு உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் சொல்ல, அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்ப, அட்ரீனல் கார்டிசாலை விடுகிறது. ஆகவே கார்டிசால் இரண்டு விதமாக வற்றலாம். அட்ரீனலே அழிந்தால் அது முதல்நிலைக் குறைபாடு. 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்த அடிசன் நோய் இதுதான். இதில் கார்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும் சேர்ந்தே போகும். சுரப்பி நன்றாக இருந்தும் ஏ.சி.டி.எச். வராமல் போனால் அது இரண்டாம்நிலை. ஆல்டோஸ்டிரோனைப் பெரும்பாலும் சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்ற நொதி நடத்துவதால், இந்த வகையில் அது தப்பித்துக்கொள்ளும். உப்புச் சீர்குலைவின் அளவு இதனால் மாறுகிறது.

மூளைச் செல்லில் இரண்டு ஏற்பிகள்

நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் மூளையின் இரு பக்கமும் காதுக்கு உட்புறமாக வளைந்து கிடக்கிறது. இரத்தத்தில் ஓடும் அட்ரீனல் ஹார்மோனை அது இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதை 1968-இல் புரூஸ் மெக்யூவன் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். உடலின் அவசரகால ஹார்மோன் என்று நினைத்த ஒன்றுக்கு நினைவு மையத்தில் தனி இருக்கை இருந்தது அன்றைக்குப் பெரிய வியப்பு.

அந்த இருக்கை இரண்டு வகை. ஒன்று மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி, சுருக்கமாக எம்.ஆர். மற்றொன்று குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி, ஜி.ஆர். ஒரே ஹார்மோனை எம்.ஆர். ஏறக்குறைய பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் நாள் முழுக்க, கார்டிசால் குறைவாக இருக்கும் நேரத்தில்கூட, எம்.ஆர். பெரும்பாலும் நிரம்பியே இருக்கிறது. விடியற்கால உச்சத்திலும், காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடியிலும்தான் ஜி.ஆர். நிரம்புகிறது.

சிறுநீரகத்திலும் எம்.ஆர். உண்டு. அங்கே ஆல்டோஸ்டிரோன்தான் அதை இயக்க வேண்டும். ஆனால் கார்டிசால் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமாக ஓடுகிறது. ஆகையால் சிறுநீரகச் செல்லில் ஒரு நொதி, உள்ளே வரும் கார்டிசாலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றி வாசலிலேயே மடக்கிவிடுகிறது. ஹிப்போகேம்பஸ் செல்களில் அந்தக் காவல் இல்லை. அங்கே எம்.ஆரை நிரப்புவது கார்டிசால்தான். பெயரில் உப்பு ஹார்மோனின் ஏற்பியாக இருந்தாலும், மூளையில் அது கார்டிசாலின் அன்றாட, அடிமட்ட அளவுக்குக் காத்திருக்கும் ஏற்பி.

எலிகளில் கண்டது

1989-இல் ராபர்ட் ஸ்லோவிட்டர் குழு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையைத் திருப்பிப் போட்டது. வளர்ந்த எலிகளின் இரண்டு அட்ரீனல்களையும் எடுத்துவிட்டு, குடிக்க உப்புநீர் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார்கள். மூன்று நான்கு மாதம் கழித்து மூளையை வெட்டிப் பார்த்தால், ஹிப்போகேம்பஸின் நுழைவாசலான டென்டேட் கைரஸில் இருக்கும் கிரான்யூல் செல்கள் சில எலிகளில் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்திருந்தன. பக்கத்திலேயே இருக்கும் பிரமிடு வடிவ செல்களுக்கு அந்த அழிவு இல்லை. அட்ரீனல் எடுத்தும் எலியின் கார்டிசாலான கார்டிகோஸ்டிரோனை ஈடுகட்டிக் கொடுத்த எலிகளில் செல்கள் தப்பின.

அடுத்த ஆண்டு எலிசபெத் கூல்ட், கேத்தரின் வூலி, மெக்யூவன் ஆகியோர், இந்தச் சாவு மாதக்கணக்கில் மெதுவாக நடப்பதல்ல, அறுவை நடந்த ஒரு வாரத்துக்குள் தொடங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். நுண்ணோக்கியில் அந்தச் செல்லின் கரு சுருங்கி, சாயத்தை முழுக்க உறிஞ்சிய கரும்புள்ளியாகத் தெரியும். செல் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் அப்போப்டோசிஸ் என்ற திட்டமிட்ட மரணத்தின் அடையாளம் அது.

உப்புக் குறைந்ததால்தான் செத்ததோ என்று கேட்கலாம். இல்லை என்று சொல்ல மூன்று காரணங்கள் உண்டு.

1. எலிகள் உப்புநீர் குடித்தும் செல்கள் செத்தன.
2. எம்.ஆரை இயக்கும் ஆல்டோஸ்டிரோனைக் கொடுத்தபோது செல்கள் காப்பாற்றப்பட்டன. ஜி.ஆரை மட்டும் இயக்கும் மருந்து அந்த அளவுக்குக் காக்கவில்லை.
3. எம்.ஆர். மரபணுவே இல்லாமல் பிறந்த சுண்டெலிகளை உப்புக் கொடுத்து வளர்த்தபோதும் கிரான்யூல் செல்கள் சிதைந்தன. ஜி.ஆர். இல்லாதவற்றில் அப்படி நடக்கவில்லை. இது 2000-இல் வந்த முடிவு.

எம்.ஆர். என்ன செய்கிறது? செல்லைச் சாகவிடாமல் தடுக்கும் பி.சி.எல்-2 என்ற புரதத்தின் பக்கம் தராசைச் சாய்க்கிறது. அளவுக்கு மீறி இயங்கும் ஜி.ஆர்., சாவைத் தூண்டும் பேக்ஸ் புரதத்தின் பக்கம் சாய்க்கிறது. கார்டிசால் அடியோடு இல்லையென்றால் எம்.ஆர். காலி, காப்பு போய்விடும். நீண்ட நாள் வெள்ளமாக வந்தால் ஜி.ஆர். ஓயாமல் இயங்கும், அதுவும் கேடு. கார்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயில் ஹிப்போகேம்பஸ் சுருங்குவதும், சிகிச்சைக்குப் பின் ஓரளவு மீள்வதும் ஸ்கேனில் பதிவாகியுள்ளன. முதல் பத்தியில் சொன்ன இரண்டு செய்திகளும் இங்கேதான் சந்திக்கின்றன.

இந்த ஆய்வுகளில் நான் மிக முக்கியமாக நினைப்பது வேறொன்று. ஸ்லோவிட்டரின் எலிகள் எல்லாவற்றிலும் செல்கள் அழியவில்லை. தப்பிய எலிகளின் இரத்தத்தில் கொஞ்சம் கார்டிகோஸ்டிரோன் மிச்சம் இருந்தது. உடலில் வேறெங்கோ ஒட்டியிருந்த துணுக்கு அட்ரீனல் திசு அதற்குக் காரணமாகலாம். அதாவது கிரான்யூல் செல்லை உயிரோடு வைக்க மிகச் சிறிய அளவே போதும். அட்ரீனல் எடுத்தபின் டென்டேட் கைரஸில் புதுச் செல்கள் பிறப்பதும் அதிகரிக்கிறது. சாவும் பிறப்பும் சேர்ந்தே ஏறுகின்றன.

மனிதருக்கு ஆபத்து வேறு வழியில், சீக்கிரமாக வருகிறது

எலியின் கதையைப் படித்துவிட்டு, மாத்திரையை இரண்டு நாள் மறந்ததால் என் மூளைச் செல் செத்திருக்குமோ என்று பயப்படத் தேவையில்லை. எலிக்கு ஹார்மோன் பூஜ்யம், அதுவும் வாரக்கணக்கில். மனிதருக்கு அப்படிப் பூஜ்யமாகிவிட்டால் கிரான்யூல் செல் வரை போவதற்கு முன்பே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். கார்டிசாலை ஈடுகட்டும் மருந்தெடுக்கும் நோயாளியிடம் எம்.ஆர். காலியாகக் கிடப்பதுமில்லை.

மனிதரின் மூளைச் செல்களை உண்மையில் தாக்குபவை மூன்று.

முதலாவது சர்க்கரை. பட்டினியின்போது கல்லீரல் சர்க்கரை தயாரிக்கக் கார்டிசால் வேண்டும். அது இல்லாதவருக்கு வாந்தியோடு ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றால் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 54 மில்லிகிராமுக்குக் கீழே போகலாம். குழந்தைகளில் இது இன்னும் வேகம். கடுமையான சர்க்கரைக் குறைவும் எலிகளில் இதே டென்டேட் கைரஸைத்தான் குறிவைக்கிறது.

இரண்டாவது இரத்த அழுத்தம். கார்டிசாலும் உப்பும் இல்லாத இரத்தக் குழாய் தளர்ந்துவிடும். மூளைக்கு இரத்தம் ஏறாது.

மூன்றாவது சோடியம். இதில்தான் தவறு அதிகம் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். கார்டிசால் இல்லாதபோது, தண்ணீரைத் தேக்கி வைக்கும் வாசோபிரசின் ஹார்மோன் அடங்காமல் சுரக்கும். உடலில் தண்ணீர் தேங்கி, சோடியம் நீர்த்துப்போகும். 120-க்குக் கீழே போனால் மூளைச் செல்கள் நீர் கோத்து உப்பி, குழப்பமும் வலிப்பும் வரலாம். இப்போது கார்டிசாலையே மருந்தாக்கிய ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடுகிறார்கள். போட்ட சில மணி நேரத்தில் வாசோபிரசின் அடங்குகிறது, சிறுநீர் குடம் குடமாகப் போகிறது, சோடியம் துள்ளி ஏறுகிறது. உப்பி இருந்த நிலைக்குப் பழகிக்கொண்ட மூளை அந்த வேகத்தைத் தாங்காது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை, குறிப்பாக மூளைத்தண்டின் நடுவில், உரிந்துவிடும். சோடியம் சரியாகி, ஆள் தெளிந்து, வீட்டார் நிம்மதியான இரண்டு மூன்று நாளில் நாக்குக் குழறும், விழுங்க முடியாது, கைகால் விழும்.

அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசி உடனே போட வேண்டும். நாள்பட்ட சோடியக் குறைவில், 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏறாமல், சில மணிக்கொரு தடவை இரத்தம் எடுத்துப் பார்த்தபடி ஏற்ற வேண்டும். சிறுநீர் திடீரென அதிகமானால் நோயாளியோடு இருப்பவர் செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும்.

கொங்கு நாட்டில் இது எங்கிருந்து வருகிறது

அடிசன் நோய் அரிது. கார்டிசால் வற்றிப்போன ஆள் அரிதல்ல. வழிகள் இவை:

1. செட்டு மாத்திரை. உடம்பு வலி, இருமல், முழங்கால் வலி என்று மெடிக்கலில் சொன்னால் நாலைந்து மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். பெயர் எழுதிய அட்டை இல்லை, வெட்டிய துண்டுகள்தான். அதில் ஒரு சின்ன மாத்திரை டெக்சாமெத்தசோனாகவோ பீட்டாமெத்தசோனாகவோ இருந்தால், மறுநாளே தறிக்குப் போகலாம் போலத் தெம்பு வரும். கணக்கு இதுதான்: 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோன், 5 மி.கி. பிரெட்னிசலோன், 0.75 மி.கி. டெக்சாமெத்தசோன் மூன்றும் ஏறக்குறைய சமம். 0.5 மி.கி. டெக்சாமெத்தசோன் ஒன்றே, உடல் ஒரு நாளில் சுரக்கும் முழுக் கார்டிசாலுக்கும் மேல். இது ஒரு மாதம் ஓடினால் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். அனுப்புவதை நிறுத்திவிடும், அட்ரீனல் சுருங்கிவிடும். ஊருக்குப் போனதாலோ காசில்லாததாலோ மாத்திரை நின்ற அன்றைக்கு உடலில் கார்டிசால் கிடையாது. எடை கூடுவதற்கென்று விற்கும் மாத்திரைகளும், பெயரில்லாத சில பொடி மருந்துகளும் இதே வேலையைச் செய்யலாம். பல்லடம், சோமனூர் பக்கம் பஞ்சுத் தூசியில் மூச்சிரைப்பு வந்து, மருத்துவரைப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் பழைய சீட்டிலேயே மாத்திரை வாங்குபவர்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள்.

2. காசநோய். அடிசன் பார்த்த நோயாளிகளிலேயே அட்ரீனலை அழித்ததில் காசநோய்க்குப் பங்கு உண்டு. இந்தியாவில் அது இன்னும் முக்கியக் காரணம். ரிஃபாம்பிசின் மாத்திரை கல்லீரலில் கார்டிசாலைச் சீக்கிரம் சிதைக்கும். அரைகுறையாகத் தாக்குப்பிடித்த அட்ரீனல், காசநோய் மருந்து தொடங்கிய சில வாரத்தில் கைவிட்டுவிடும். வாந்தியும் மயக்கமும் வந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று காசநோய் மாத்திரையை நிறுத்துவார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாததுதானா என்று பார்க்கும்போதே கார்டிசாலையும் பார்க்க வேண்டும்.

3. கண்ணாடி விரியன் கடி. கரும்பு, மஞ்சள் காடுகளில் வேலை செய்பவர்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. விரியன் நஞ்சு இரத்தம் உறையும் முறையைக் குலைத்து, பிட்யூட்டரியையும் சிதைக்கலாம். சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் வரை போய்த் தேறியவர், சில மாதமோ சில வருடமோ கழித்து ஓயாத சோர்வு, சர்க்கரைக் குறைவு, அக்குள் முடி உதிர்தல், மாதவிலக்கு நிற்றல் என்று வந்தால், பழைய பாம்புக்கடியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள்.

4. பிரசவத்தில் பெரும் இரத்தப்போக்கு. பால் சுரக்காமல், மாதவிலக்குத் திரும்பாமல் இருந்தால் பிட்யூட்டரி பாதித்திருக்கலாம். ஷீஹான் நோய்க்குறி என்பார்கள்.

முதல்நிலைக் குறைபாட்டில் தோல் கறுக்கும். காட்டு வேலை செய்பவர் கறுத்தால் வெயில் என்று விட்டுவிடுவோம். வெயில் படாத இடத்தைப் பாருங்கள்: ஈறு, உதட்டின் உட்புறம், உள்ளங்கை ரேகை, பழைய தழும்பு. ஈறில் நீலக்கறுப்புத் திட்டுகள் புதிதாக வந்திருந்து, எடை குறைந்து, எழுந்து நின்றால் கண் இருட்டி, ஊறுகாயும் உப்பும் தேடித் தின்பவராக இருந்தால், அவருக்கு இன்னொரு கேஸ்டிரிக் மாத்திரை போதாது. மாத்திரையை நிறுத்தியதால் வரும் இரண்டாம்நிலையில் இந்தக் கறுப்பு வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டெக்சாமெத்தசோனின் தனிச் சிக்கல்

எல்லா ஸ்டீராய்டும் மூளைக்கு ஒன்றல்ல. டெக்சாமெத்தசோன் ஜி.ஆரை வலுவாக இயக்கும், எம்.ஆரை அவ்வளவாக நிரப்பாது. போதாக்குறைக்கு, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பில் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு அதை வெளியே தள்ளுகிறது. ஆனால் அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கும் பிட்யூட்டரியை அது எளிதாக அடக்கிவிடும். விளைவு, உடலில் ஸ்டீராய்டு நிறைய, சொந்தக் கார்டிசால் இல்லை, மூளையின் எம்.ஆர். காலி. வயதான எலிகளுக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்தபோது டென்டேட் கைரஸில் செல் சாவு கூடியது. கூடவே கார்டிகோஸ்டிரோன் கொடுத்தபோது குறைந்தது. இரத்தப் புற்றுநோய்க்கு இம்மருந்து எடுக்கும் குழந்தைகளில் கடும் நடத்தை மாற்றம் வந்த சிலருக்கு, ஹைட்ரோகார்டிசோனைச் சேர்த்ததும் குறைந்ததை 2016-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

டெக்சாமெத்தசோன் கெட்ட மருந்து என்று இதற்குப் பொருளில்லை. கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்தது நாளுக்கு 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள். அது சரியான இடத்தில் சரியான பயன்பாடு. மாதக்கணக்கில் வலிக்கு விழுங்குவதுதான் தப்பு.

பரிசோதனையும் மருந்தும்

காலை எட்டு மணி வாக்கில் இரத்தக் கார்டிசால் எடுப்பது முதல் படி. ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர் அன்றைய மாத்திரையை விழுங்குவதற்கு முன் எடுக்க வேண்டும். பிரெட்னிசலோனைச் சில கருவிகள் கார்டிசால் என்றே எண்ணிக் கூடுதலாகக் காட்டிவிடும். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைக் குறைத்து வருபவருக்கு, டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி மீண்டுவிட்டது எனலாம். 5-க்குக் கீழே என்றால் மாத்திரையைத் தொடர வேண்டும். இடைப்பட்டால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், அல்லது ஏ.சி.டி.எச். ஊசி போட்டு 30, 60 நிமிடங்களில் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வேண்டும்.

அட்ரீனலே போனவருக்கு ஹைட்ரோகார்டிசோன் நாளுக்கு 15 முதல் 25 மி.கி., இரண்டு மூன்று வேளையாக. எழுந்தவுடன் பெரிய பங்கு, கடைசி வேளை மாலை ஐந்து மணியைத் தாண்டாமல். இரவில் கொடுத்தால் தூக்கம் கெடும், அதோடு நினைவும் கெடும். திருப்பூரில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. அவர் எழும் நேரம்தான் அவருக்குக் காலை. முதல்நிலைக் குறைபாட்டில் ஆல்டோஸ்டிரோனுக்கு ஈடாக ஃப்ளூட்ரோகார்டிசோன் 0.05 முதல் 0.1 மி.கி. சேர்ப்பார்கள். கரூர், ஈரோட்டுக் கத்திரி வெயிலில் வியர்வையோடு உப்பு போவதால் உப்பையும் சில சமயம் இந்த மாத்திரையையும் மருத்துவர் கூட்ட வேண்டியிருக்கும். இரத்தக் கொதிப்பு இல்லாத இந்த நோயாளியிடம் உப்பைக் குறை என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் அறிவுரை ஆபத்து.

நோயுற்ற நாள் விதிகள்:

1. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹைட்ரோகார்டிசோன் இரு மடங்கு, 39-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் விடும் வரை.
2. வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் இன்னொரு முறை விழுங்கிப் பார்க்கலாம். அதுவும் வெளியே வந்தால் ஊசிதான். பெரியவருக்கு 100 மி.கி. தசையிலோ இரத்த நாளத்திலோ, பிறகு மருத்துவமனை. அங்கே முதல் ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லிட்டர் உப்புநீர் ஏற்றி, அடுத்த 24 மணி நேரத்துக்கு மொத்தம் 200 மி.கி. வரை ஹைட்ரோகார்டிசோன் கொடுப்பார்கள்.
3. பல் பிடுங்குவதானாலும் கண்புரை அறுவையானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.
4. வடக்கே லோடு ஏற்றிப் போகும் நாமக்கல் ஓட்டுநர் வழி நாள்களுக்கு மேல் ஒரு வாரத்து மாத்திரையும் ஊசிக் குப்பியும் எடுத்துப் போக வேண்டும். குப்பியை டேஷ்போர்டில் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும், துணிப்பையின் நடுவில் வையுங்கள்.
5. சட்டைப்பையில் ஓர் அட்டை. அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும், இந்தி ஊர்களுக்குப் போகிறவராக இருந்தால் இந்தியிலும், "அட்ரீனல் குறைபாடு, மயங்கிக் கிடந்தால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி, சர்க்கரையும் சோடியமும் பார்க்கவும்" என்று எழுதியிருக்க வேண்டும்.

செட்டு மாத்திரையை மாதக்கணக்கில் எடுத்தவர் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கியெறிந்துவிடக் கூடாது. மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் அந்தக் கவரையும் அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். கோவை, பெருந்துறை, சேலம், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது மருத்துவப் பிரிவில் காட்டலாம். என்ன மருந்து என்று கண்டுபிடித்து, சமமான பிரெட்னிசலோனுக்கு மாற்றி, 5 மி.கி. வரை இறக்கி, அதன்பிறகு மாதத்துக்கு ஒரு மி.கி. போல மெதுவாகக் குறைப்பார்கள். சுரப்பி எழுந்து நிற்கச் சில மாதம் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அந்த இடைக்காலம் முழுவதும் மேலே சொன்ன விதிகள் அவருக்கும் பொருந்தும்.